காடு இருந்தவரை ஓடிய ரயில்

சில காலமே ஓடி நின்றுபோன ரயில்பாதைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒப்பாரி வைக்கிறார்கள், அல்லது ஏளனம் செய்கிறார்கள். முதல் வகையினருக்கு ஒவ்வொரு பாதையும் அகாலத்தில் பறிபோன ஒன்று. இரண்டாம் வகையினருக்கு ஒவ்வொன்றும் கணக்குத் தெரியாதவர் போட்ட முதல். எதிரெதிராகத் தெரிந்தாலும் இருவரும் நிற்பது ஒரே அனுமானத்தின் மேல்தான்: ஆயுள் குறைவு என்றால் தோல்வி. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவும் நெவாடாவும் பங்குபோட்டுக்கொண்டிருக்கும் தாஹோ ஏரியின் கிழக்குக் கரையில் 1875 முதல் 1898 வரை ஓடிய சிறு ரயில்பாதையை எடுத்துப் பார்த்தால் இந்த அனுமானம் நிற்குமா என்று தெரிந்துவிடும்.

பாதையின் நீளம் ஏறத்தாழ 9 மைல். தண்டவாளங்களுக்கு இடையே 3 அடி அகலம். ஏரிக்கரையில் இருந்த கிளென்புரூக் என்ற மர ஆலை ஊரிலிருந்து ஸ்பூனர் கணவாய் வரை ஏறி அங்கேயே முடிந்துவிடும். இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அதைப் பெயர்த்தெடுத்தார்கள். பெயர்த்த தண்டவாளங்களைத் தெப்பப் படகுகளில் ஏற்றி ஏரியைக் கடந்து மேற்குக் கரைக்குக் கொண்டுபோய், தாஹோ சிட்டியிலிருந்து ட்ரக்கி என்ற ஊர் வரை சுமார் 15 மைல் தொலைவுக்கு மறுபடி போட்டார்கள். 1900இல் திறந்த இந்த இரண்டாம் பாதை 1943 வரை இருந்தது. முதல் பாதை மரம் சுமந்தது. இரண்டாவது சுற்றுலாப் பயணிகளைச் சுமந்தது. ஒரே இரும்பு, ஒரே முதலாளி குடும்பம், ஒரே ஏரி. ஆனால் இரண்டு வேறு ரயில்கள். இவற்றில் எது நின்றது இழப்பு, எது நின்றது நியாயம் என்பதே இந்தக் கட்டுரை எடைபோட விரும்பும் கேள்வி.

முதலில், இப்படியொரு பாதை ஏன் தேவைப்பட்டது? தாஹோ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,225 அடி உயரத்தில், சுற்றிலும் மலை சூழக் கிடக்கும் ஏரி. ஆழம் 1,645 அடி. அதிலிருந்து தண்ணீர் வெளியேற ஒரே வழிதான் உண்டு: வடமேற்கில் புறப்படும் ட்ரக்கி ஆறு. அந்த ஆறும் கடலுக்குப் போவதில்லை. நெவாடா பாலைநிலத்தில் பிரமிட் ஏரியில் போய் அடங்கிவிடுகிறது. மரம் கேட்ட இடமோ கிழக்கே, கார்சன் மலைத்தொடருக்கு அப்பால். 1859இல் வெர்ஜீனியா சிட்டி அருகே காம்ஸ்டாக் வெள்ளிப் படிவு கண்டுபிடிக்கப்பட்டது. தாது அகலமாகவும் சுற்றியுள்ள மண் இளகியதாகவும் இருந்ததால் தோண்டத் தோண்டக் கூரை சரிந்தது. 1860இல் ஃபிலிப் டைடஸ்ஹைமர் என்ற பொறியாளர் ஓஃபிர் சுரங்கத்தில் ஒரு தீர்வைக் கண்டார். தடித்த மரக்கட்டைகளைக் கனசதுரச் சட்டங்களாகப் பூட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக, ஒன்றன்பக்கம் ஒன்றாக நிரப்பிக்கொண்டே போவது. தாது வெளியே வந்த இடமெல்லாம் மரம் உள்ளே போனது. பூமிக்கு மேல் நின்ற காடு பூமிக்கு அடியில் இடம் மாறியது என்றே சொல்லலாம்.

சுரங்கங்களின் நீராவி இயந்திரங்களுக்கும் தாது இடிக்கும் ஆலைகளுக்கும் விறகு வேண்டியிருந்தது. பக்கத்துக் குன்றுகளில் இருந்த குட்டைப் பைன் மரங்கள் சீக்கிரமே தீர்ந்தன. அடுத்த கை வைக்கும் இடம் தாஹோ. ஆனால் அங்கே வெட்டிய மரத்தை ஆற்றில் விட்டால் அது வேறு திசைக்குப் போகும். கிழக்கே கொண்டுபோக வேண்டுமானால் ஏறத்தாழ 900 அடி மேலே தூக்கி, மலையின் முகட்டைத் தாண்டவைக்க வேண்டும்.

இந்தத் தூக்கும் வேலை ஒன்றுக்காகவே ரயில் வந்தது. 1873இல் டுவேன் பிளிஸ், ஹென்றி யெரிங்டன், டேரியஸ் ஆக்டன் மில்ஸ் ஆகியோர் கார்சன் அண்ட் தாஹோ மர, நீர்க்கால் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் அமைத்த சங்கிலி இப்படி வேலை செய்தது. கரையோரக் காடுகளில் வெட்டிய தடிகளை ஏரியில் தள்ளி, மிதவை வளையங்களுக்குள் அடக்கி, நீராவி இழுவைப் படகுகள் கிளென்புரூக்கிற்கு இழுத்துவரும். அங்குள்ள ஆலைகளில் அறுபட்ட கட்டைகளையும் பலகைகளையும் ரயில் ஸ்பூனர் கணவாய்க்கு ஏற்றும். கணவாயிலிருந்து வி வடிவ மரத் தொட்டிக் கால்வாய் ஒன்று சுமார் 12 மைல் சரிந்து கார்சன் சிட்டிக்கு இறங்கும்; அதில் ஓடும் தண்ணீரில் மரம் தானே வழுக்கிப் போய்ச் சேரும். அங்கிருந்து வெர்ஜீனியா அண்ட் ட்ரக்கி ரயில் அதைச் சுரங்க வாசலுக்குக் கொண்டுபோகும்.

பொறியியல் வேலை என்ற அளவில் இதில் குறை சொல்ல அதிகம் இல்லை. தண்ணீர் செய்யக்கூடியதைத் தண்ணீரிடமே விட்டுவிட்டு, தண்ணீரால் முடியாத ஏற்றத்துக்கு மட்டும் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். பாதை வேறெந்த ரயிலோடும் இணையவில்லை. அதன் இணைப்பு வண்டி நீர்க்கால்தான். செங்குத்தான சரிவில் மரத்தாலான தூண்பாலங்கள், ஒரு சுரங்கப்பாதை, வண்டி முன்னே போய்ப் பின்னே வந்து உயரம் ஏறும் திருப்பம் எல்லாம் அந்த 9 மைலுக்குள் அடங்கின. 1875இல் பால்ட்வின் தொழிற்சாலை கட்டிக்கொடுத்த 'கிளென்புரூக்', 'தாஹோ' என்ற இரண்டு என்ஜின்கள் இந்த ஏற்றத்தில் உழைத்தன. போட்ட திட்டம் போட்டபடி நடந்தது. தன் வேலையைச் செய்ததா என்பதே அளவுகோல் என்றால், இந்தப் பாதை முழு மதிப்பெண் வாங்கும்.

ஆனால் அந்த அளவுகோல் போதுமா? ரயிலைப் பற்றிய பெருமிதமும் பழியும் ஒரே நம்பிக்கையிலிருந்து கிளம்புகின்றன: ரயில் வந்ததால்தான் எல்லாம் நடந்தது. அதைச் சோதிக்கச் சுற்றுவட்டாரத்திலேயே இரண்டு ஒப்பீடுகள் கிடைக்கின்றன. காம்ஸ்டாக்கின் பெரும் பணக்காரர்களான மெக்கே, ஃபேர், ஃப்ளட், ஓபிரையன் கூட்டணி 1875வாக்கில் ரோஸ் மலைச் சரிவிலிருந்து ட்ரக்கி புல்வெளிப் பள்ளத்தாக்குக்குச் சுமார் 15 மைல் நீள நீர்க்கால் கட்டியது. மலை சரியான பக்கம் சரிந்திருந்ததால் ஏரியிலிருந்து ஏற்றிவிட அங்கே ரயில் தேவைப்படவில்லை. இரண்டாவது, ஏரியின் வடகிழக்கு மூலையில் வால்ட்டர் ஹோபார்ட்டின் நிறுவனம் 1880இல் அமைத்த சாய்தள வண்டி. 4,000 அடி நீளத்துக்குள் 1,400 அடி உயரத்துக்குக் கம்பிவடம் கட்டி மரத்தை மேலே இழுத்தார்கள். மேலேயிருந்து மறுபடி நீர்க்கால். ரயில் இல்லாத நீர்க்கால், ரயில், கம்பிவடம் என்று மூன்று வழிகள். மூன்றின் முடிவிலும் கிடைத்தது மொட்டை மலைதான்.

ஆகவே, ரயில் காட்டை அழித்தது என்ற வாக்கியம் தர்க்கத்தில் நிற்காது. ரயில் எட்டாத சரிவுகளிலும் அதே வேகத்தில் கோடரி விழுந்திருக்கிறது. இதை வைத்து ரயிலை விடுவித்துவிடலாமா என்றால் அதுவும் முடியாது. ரோஸ் மலை நீர்க்கால் தன் மேலேயிருந்த சரிவை மட்டுமே காலி செய்ய முடியும். கிளென்புரூக் பாதையோ ஏரியைத் தன் வாசலாக்கிக்கொண்டது. இழுவைப் படகு எட்டும் கரை எதுவானாலும் அந்தக் கரையின் காடு அந்த ஆலைக்கு வந்துசேரும். தென்கரையில் பிஜூ என்ற இடத்திலிருந்து உள்காட்டுக்குள் 1880களில் இன்னொரு மரப்பாதையும் போடப்பட்டது. அதன் தடிகளும் ஏரிவழியே கிளென்புரூக்கிற்கே மிதந்துவந்தன. ஏரியின் நீளம் 22 மைல். அவ்வளவு பெரிய வட்டத்தின் பெரும்பகுதிக் கரையை ஒரே ஆலையின் கொல்லைப்புறமாக மாற்றியது அந்த 9 மைல் ஏற்றம்தான். அழிவைத் தொடங்கிவைத்தது ரயில் அல்ல. அது எட்டும் பரப்பைப் பெருக்கியது ரயில்.

எவ்வளவு மரம் போனது? பிளிஸின் நிறுவனம் தன் காலத்தில் 75 கோடி பலகை அடி அறுத்த மரமும் 5 லட்சம் கார்டு விறகும் எடுத்தது என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு. இந்த இரண்டு எண்களையும் அலகு மாற்றாமலே எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால்தான் அவற்றின் பொருள் விளங்கும். ஒரு பலகை அடி என்பது ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரங்குல கனம். 75 கோடி பலகை அடி என்றால் 6.25 கோடி கன அடி. ஒரு கார்டு என்பது 128 கன அடி அடுக்கிய விறகு. 5 லட்சம் கார்டு 6.4 கோடி கன அடி. அடுக்கில் உள்ள இடைவெளியைக் கழித்தாலும், சுரங்கத்தைத் தாங்க அறுத்த மரத்தில் பாதிக்கு மேலான அளவு வெறும் எரிபொருளாகப் போயிருக்கிறது. காம்ஸ்டாக்கின் கதையில் டைடஸ்ஹைமரின் சட்டகம்தான் எப்போதும் முன்னால் நிற்கிறது. அடுப்பில் போனதைப் பற்றிப் பேச்சு குறைவு.

இந்தக் கணக்கு ஒரு தற்காப்பு வாதத்தையும் ஆட்டம் காணவைக்கிறது. பிளிஸ் பொறுப்பானவர், பருத்த மரங்களை மட்டும் வெட்டச் சொல்லிச் சிறு மரங்களை விட்டுவைத்தார், அதனால்தான் காடு மீண்டது என்று அவருக்குச் சாதகமாக எழுதுகிறவர்கள் சொல்வார்கள். ஆலைக்கு மெல்லிய மரம் உதவாது. அதை விட்டுவைப்பது கருணையா சிக்கனமா என்று பிரித்தறிவது கடினம். விறகுக்கு அந்த வரம்பு கிடையாது. எரிவதற்கு மரம் பருத்திருக்க வேண்டியதில்லை. விறகு இவ்வளவு பெரிய பங்காக இருக்கும்போது, விட்டுவைத்தார் என்ற கூற்றை நிறுவனத்தின் பொதுநெறியாக ஏற்பதற்கு இடமில்லை. சில இடங்களில் விட்டிருக்கலாம் என்ற அளவுக்கே அதை ஒப்புக்கொள்ளலாம்.

அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியவில்லை என்ற வாதமும் உண்டு. அதுவும் எடுபடாது. வெர்ஜீனியா சிட்டிப் பத்திரிகையாளர் டான் டி க்வில் 1876இல் வெளியிட்ட 'தி பிக் பொனான்சா' நூலிலேயே, சுரங்கங்கள் மலைக்காட்டை விழுங்கிக்கொண்டிருப்பதை வெளிப்படையாக எழுதிவிட்டார். அப்போது ரயில் ஓடத் தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. 1883இல் கலிஃபோர்னியா அரசு ஏரியின் காடுகளைக் காக்க ஓர் ஆணையமே அமைத்தது. ஆணையம் பரிந்துரை தந்தது, பரிந்துரை செயலாகவில்லை. 1878ஆம் ஆண்டின் மர, கல் சட்டம் கலிஃபோர்னியா, நெவாடா உள்ளிட்ட மேற்குப் பகுதிகளில் 160 ஏக்கர் வரை, ஏக்கர் இரண்டரை டாலருக்கு, காட்டை விற்க வழிசெய்திருந்தது. மரம் மறுபடி வளர ஆகும் காலத்துக்கு அந்த விலையில் ஒரு காசும் சேர்க்கப்படவில்லை. தெரியாமல் நடந்த பிழை அல்ல இது, தெரிந்தும் தடுக்கப்படாதது.

இங்கே முதலாளிகளின் கணக்கையும் பார்த்தாக வேண்டும். மில்ஸ் கலிஃபோர்னியா வங்கியின் முதல் தலைவர். சுரங்கங்களுக்கும் தாது ஆலைகளுக்கும் கடன் கொடுத்து அவற்றில் பலவற்றைக் கைக்குள் வைத்திருந்த வங்கி அது. வெர்ஜீனியா அண்ட் ட்ரக்கி ரயிலும் அந்த வட்டத்தின் உடைமை. அதை நடத்தியவர் யெரிங்டன். பிளிஸும் வங்கித் தொழிலிலிருந்து வந்தவர். மரத்தை வெட்டுகிறவர், ஏற்றுகிறவர், வாங்குகிறவருக்குக் கடன் கொடுக்கிறவர் என்று எல்லாரும் ஒரே சில கைகளில் அடங்கியிருந்தார்கள். ஆக, இந்தப் பாதை லாபம் பார்த்தது என்பதைத் தனித்த வெற்றியாகப் படிப்பது பிழை. ஒரு பையிலிருந்து மறுபைக்குப் போகும் பணத்தின் இடைவழி அது.

உள்ளூருக்கு அது என்ன தந்தது? ஆலை ஓடியவரை கிளென்புரூக் ஒரு தொழில் ஊர். சீனத் தொழிலாளர்களும் பிரெஞ்சு கனடியர்களும் விறகு வெட்டினார்கள். ஸ்பூனர் கணவாயைச் சுற்றிச் சீன விறகுவெட்டிகளின் குடியிருப்புத் தடங்களைத் தொல்லியலாளர்கள் ஆய்ந்திருக்கிறார்கள். ஏரியைத் தங்கள் வாழ்வின் நடுவாகக் கொண்டு கோடைதோறும் வந்து மீன்பிடித்த வாஷோ மக்கள் தங்கள் மீன்துறைகளையும், உணவுக்கு நம்பியிருந்த பைன் கொட்டை மரங்களையும் இழந்தார்கள். தண்டவாளம் பெயர்ந்ததும் ஊரில் தொழில் இல்லை. ஒரு பாதை உள்ளூரில் ஓடுவதாலேயே உள்ளூருக்கான பாதை ஆகிவிடாது என்பதற்குக் கிளென்புரூக்கைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

1898இல் அது நின்றது ஏன்? காம்ஸ்டாக்கின் உச்சம் 1870களின் பிற்பகுதியிலேயே கடந்துவிட்டது. சுரங்கத்தின் தேவையும் சுருங்கியது. வெட்ட லாபமான காடும் சுருங்கியது. ஹோபார்ட்டின் நிறுவனமும் 1890களின் பிற்பகுதியில் கடையைக் கட்டிக்கொண்டு ட்ரக்கிக்கு வடக்கே போய்விட்டது. இதில் விபத்து இல்லை, நிர்வாகக் கோளாறு இல்லை, போட்டியில் தோற்றதும் இல்லை. வேலை தீர்ந்தது, ரயில் நின்றது. குறுகிய ஆயுள் இந்தத் திட்டத்தின் தோல்வி அல்ல. அதன் உள்ளார்ந்த கணக்கு. அந்த ரயில் இன்னும் பத்தாண்டு ஓடியிருந்தால் எஞ்சிய காட்டுக்குத்தான் கேடு. அதற்காக ஒப்பாரி வைப்பவர் எதற்காக அழுகிறோம் என்று ஒருமுறை யோசிக்க வேண்டும்.

அரசு அந்தப் பகுதியில் தாஹோ வனக் காப்பகத்தை அறிவித்தது 1899இல். கிளென்புரூக் பாதை நின்ற மறு ஆண்டு. காப்பு வந்தபோது காக்கப்படவேண்டியதில் பெரும்பங்கு காம்ஸ்டாக்கின் அடியில் இருந்தது.

இனி இரண்டாம் பாதை. மரம் தீர்ந்த ஏரியில் பார்வை மிச்சமிருக்கிறது என்று பிளிஸ் குடும்பம் கண்டுகொண்டது. 1896இல் 169 அடி நீளமுள்ள 'தாஹோ' என்ற நீராவிக் கப்பலை ஏரியில் இறக்கினார்கள். 1900இல் ட்ரக்கியில் கண்டம் கடக்கும் ரயிலிலிருந்து இறங்குகிறவர்களைக் கரைக்கு அழைத்துவரப் பெயர்த்த தண்டவாளம் பயன்பட்டது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் பிளிஸின் மகன் வால்ட்டர் வடிவமைத்த தாஹோ டேவர்ன் விடுதி திறந்தது. தண்டவாளம் படகுத்துறையின் மேலேயே நீண்டிருந்தது; பயணி ரயிலிலிருந்து இறங்கிச் சில அடிகளில் கப்பலேறலாம். டட் சோ லா லீ என்ற பெயரில் புகழ்பெற்ற வாஷோ கூடை முடையும் கலைஞரின் படைப்புகளை அவருடைய ஆதரவாளர்களான கோன் தம்பதியர் கோடையில் தாஹோ சிட்டியில் விற்றதும் இந்தப் பயணிகளை நம்பித்தான். தன் நிலத்தை இழந்த ஓர் இனத்தின் கைவேலைக்குச் சந்தை அதே முதலாளியின் ரயில்வழி வந்தது. இதை ஈடு என்று சொல்வது மிகை. ஒன்றுமே இல்லை என்பதும் உண்மையாகாது.

காட்டை வெட்டியவரே அழகைக் காத்தார் என்று பிளிஸைக் கொண்டாடுவது வழக்கமாகிவிட்டது. அவர் 1907இல் மறைந்தார். குடும்பம் 1929இல் 744 ஏக்கரை கலிஃபோர்னியாவுக்குக் கொடையளித்தது, அது இன்று அவர் பெயரிலேயே மாநிலப் பூங்கா. கொடை உண்மை, அதற்கு உரிய மதிப்பு உண்டு. ஆனால் 1900இன் முடிவை மனமாற்றமாகப் படிக்கத் தேவையில்லை. அதே நிலம், அதே இரும்பு, அதே ஏரி ஆகியவற்றிலிருந்து அடுத்த வருமானம் எது என்று பார்த்த ஒரு கூர்மையான வணிகரின் முடிவு அது. அந்த முடிவின் விளைவு முந்தையதைவிட நல்லதாக இருந்தது என்பதே நமக்கு முக்கியம்.

இரண்டாம் பாதையின் முடிவு முதல் பாதையின் முடிவைப் போன்றதல்ல. அதன் சரக்கு தீரவில்லை. ஏரி அங்கேயே இருந்தது, பார்க்க வருகிறவர்களும் பெருகிக்கொண்டிருந்தார்கள். தொடக்கத்திலிருந்தே அதற்கு ஒரு ஊனம் உண்டு: 3 அடிப் பாதை என்பதால் ட்ரக்கியில் எல்லாரும் இறங்கி வண்டி மாற வேண்டும். 1925இல் சதர்ன் பசிபிக் நிறுவனம் பொறுப்பேற்று அடுத்த ஆண்டுக்குள் அகலப்படுத்திய பிறகு, சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவிலிருந்து இரவு ஏறியவர் காலையில் ஏரிக்கரையில் கண்விழிக்கலாம் என்ற வசதி வந்தது. அதற்குள் கார் வந்துவிட்டது. 1943இல், உலகப் போர் இரும்பு கேட்ட காலத்தில், பாதை கைவிடப்பட்டது.

கணக்கேட்டைப் பார்த்தால் முடிவு சரிதான். கோடையையே பெரிதும் நம்பிய 15 மைல் கிளைப்பாதையை ஒரு தனியார் நிறுவனம் நட்டத்தில் ஓட்டிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் அந்தக் கணக்கேடு சமமானதல்ல. ரயில் தன் பாதையைத் தானே போட்டுத் தானே பராமரித்தது. கார் ஓடிய பாதையை அரசு போட்டது. கிழக்குக் கரையில் வாஷோ மக்கள் புனிதமாகக் கருதும் கேவ் ராக் பாறையைக் குடைந்து 1931இல் ஒரு நெடுஞ்சாலைச் சுரங்கம், 1957இல் இன்னொன்று. சாலைக்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பதும் ரயில் ஏன் தோற்றது என்பதும் ஒரே கேள்வியின் இரண்டு பாதிகள்.

இந்த இடத்தில் ஏரியின் அடிவண்டலே சாட்சி சொல்கிறது. வண்டல் படிவங்களைத் துளைத்தெடுத்து ஆய்ந்தவர்கள், மரம் வெட்டிய பத்தாண்டுகளில் ஏரிக்குள் சேர்ந்த மண் கூர்மையாக உயர்ந்ததையும், வெட்டு நின்ற பிறகு அது மறுபடி தணிந்ததையும் கண்டார்கள். ஏரி தன்னைத் தெளிவித்துக்கொண்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய சாலைகளும் வீடுகளும் கேளிக்கைக் கட்டடங்களும் வந்தபிறகு மீண்டும் கலங்கத் தொடங்கியது. நீரின் தெளிவை அளக்க ஏரியில் இறக்கும் வெண்தட்டு 1968இல் சராசரியாக 102 அடி ஆழம் வரை தெரிந்தது, 1997இல் 64 அடியோடு மறைந்தது. சாலைகளிலிருந்தும் கட்டடப் பரப்புகளிலிருந்தும் மழையில் அடித்துவரும் நுண்துகள்கள் இதன் முக்கியக் காரணம். கோடரி செய்த காயம் தண்ணீரில் சில பத்தாண்டுகளில் ஆறியது. சாலை செய்தது இன்னும் ஆறவில்லை.

நிலத்தில் கதை வேறு. காடு மீண்டது, மீண்டது அதே காடு அல்ல. பருத்துத் தள்ளித்தள்ளி நின்ற பைன்கள் போய், நெருக்கமாக வளர்ந்த வெள்ளை ஃபிர் மரங்கள் பெருகின. சிறு தீ எதையும் உடனே அணைப்பது என்ற இருபதாம் நூற்றாண்டுக் கொள்கை அந்த நெருக்கத்தை இன்னும் இறுக்கியது. 1980களின் கடைசியில் தொடங்கிய வறட்சியில் பட்டை வண்டுகள் ஏராளமான மரங்களைக் கொன்றன. 2007இல் தென்கரையில் அங்கோரா தீ 254 வீடுகளை எரித்தது. இதை முழுக்கப் பிளிஸின் கணக்கில் எழுதுவது அநியாயம். முதல் பாதி அவருடைய தலைமுறையுடையது, மறு பாதி தீயை அணைத்தே தீருவோம் என்றிருந்த நிர்வாகத்துடையது.

இரண்டாம் பாதைக்கு எதிராகவும் ஒரு வலுவான வாதம் உண்டு. அதை மறைக்கக் கூடாது. ஏரியை உல்லாசத் தலமாக உலகுக்குக் காட்டியதே அந்த ரயில்தானே? டேவர்ன் விடுதிக்கு வந்தவர்களின் பிள்ளைகள்தானே பிறகு காரில் வந்து மனை வாங்கினார்கள்? உண்மை. ஆனால் ரயிலுக்கு இயல்பிலேயே ஒரு கட்டுப்பாடு இருந்தது. அது கூட்டத்தை ஒரு துறையில் இறக்கியது, அங்கிருந்து கப்பல்தான். அந்தத் துறைக்கு வெளியே எங்கும் வீடு முளைக்க அது வழி செய்யவில்லை. சாலை ஏரியைச் சுற்றி எங்கும் நிற்க அனுமதித்தது. அந்த வேறுபாடுதான் தெளிவுக்கும் கலங்கலுக்கும் இடைப்பட்டது.

இந்த வரலாற்றை எழுதியவர்கள் பற்றியும் ஒரு சொல். டேவிட் மைரிக்கின் நெவாடா ரயில் வரலாறு பாதையையும் வண்டியையும் நுணுக்கமாகத் தருகிறது. எட்வர்ட் ஸ்காட்டின் தாஹோ வரலாறு கரையோர ஊர்களைப் படங்களோடு நிறுத்திவைக்கிறது. டக்ளஸ் ஸ்ட்ராங் 1984இல் எழுதிய சூழல் வரலாறு கொள்கையின் பக்கத்தைத் திறக்கிறது. மூன்றும் தேவை, ஆனால் ரயிலைக் காதலிப்பவர் ஸ்ட்ராங்கைப் படிப்பதில்லை, சூழலியலார் மைரிக்கைப் புரட்டுவதில்லை. விளைவு, ஒருபக்கம் அழகான என்ஜின், மறுபக்கம் கொடிய என்ஜின். 'கிளென்புரூக்' என்ஜின் பிளிஸ் குடும்பத்தின் வழியே அருங்காட்சியகத்துக்கு வந்து, 2015இல் மீண்டும் ஓடும் நிலைக்குச் சீரமைக்கப்பட்டு இன்று கார்சன் சிட்டியில் இருக்கிறது. கைவினையாகப் பார்த்தால் அது மெச்சத்தக்க பொருள். அதன் கொதிகலனில் எரிந்த விறகும் அதே காட்டு விறகுதான் என்பதை அதன் பளபளப்பு தானாகச் சொல்லாது. எழுதுகிறவர்தான் சொல்ல வேண்டும்.

தீர்ப்புக்கு வருகிறேன். முதல் பாதை பொறியியலில் சிறந்தது, ஊருக்குப் பயனற்றது, காட்டழிவில் முதல் குற்றவாளி அல்ல, கூட்டாளி. முதல் குற்றம் மரத்தை மண்விலைக்கு விற்ற சட்டத்தின்மீதும், 1883இல் கையில் வந்த பரிந்துரையைக் கிடப்பில் போட்டவர்கள்மீதும் விழுகிறது. அது 1898இல் நின்றது இழப்பல்ல. 1883இல் நிற்காததே இழப்பு. இரண்டாம் பாதை சாதாரணப் பொறியியல், சுமாரான வணிகம். ஆனால் ஏரிக்கு வந்துபோக மனிதர் கண்ட வழிகளில் ஏரிக்குக் குறைந்த கேடு செய்தது அதுதான். 1943இல் அதைக் கைவிட்டது நிறுவனக் கணக்கில் சரி, பொதுக்கொள்கையில் தவறு. நிறுவனம் செய்ய முடியாததை அரசு செய்திருக்க முடியும். சாலைக்குச் செய்ததைத்தான் ரயிலுக்குச் செய்யவில்லை.

இதிலிருந்து மற்ற சிறு பாதைகளுக்கும் பொருத்திப் பார்க்கக்கூடிய ஓர் அளவுகோல் கிடைக்கிறது. எத்தனை ஆண்டு ஓடியது என்று கேட்பதைவிட, நின்றபோது எது தீர்ந்திருந்தது என்று கேட்பது மேல். சரக்கு தீர்ந்து நின்ற ரயிலுக்காக இரங்க வேண்டியதில்லை. சரக்கைப் பற்றித்தான் விசாரிக்க வேண்டும். சரக்கும் பயணியும் இருந்தும் நின்ற ரயிலாக இருந்தால், அதன் இடத்துக்கு வந்ததற்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று விசாரிக்க வேண்டும். தாஹோவில் பழங்கதை விரும்பிகள் பெரும்பாலும் முதல் ரயிலுக்கே கண்ணீர் விடுகிறார்கள். கண்ணீர் விட்டே ஆக வேண்டுமென்றால் அது இரண்டாவதுக்கு உரியது.